பெட்டிக்குள் என்ன நடக்கிறது? குறைமாதக் குழந்தையின் முதல் சில நாட்கள்

"குழந்தையைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்." குறைமாதத்தில் பிள்ளை பிறந்த வீட்டில் எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிற பேச்சு இதுதான். போன் செய்கிற பெரியம்மாவிடமும் இதே, பக்கத்து வீட்டுக்காரரிடமும் இதே. அதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. என் மகள் 30-வது வாரத்தில், 1,240 கிராம் எடையில் பிறந்தபோது எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. ஆபரேஷன் முடிந்து எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தேன். என் கணவர் போனில் ஒரு படம் எடுத்து வந்து காட்டினார். மூக்கில் குழாய், வாயில் குழாய், தொப்புளில் குழாய், பாதத்தில் சிவப்பாக மின்னும் ஒரு பட்டி, தலையில் குல்லாய். முகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அந்தப் படத்தில் இருந்த ஒவ்வொரு குழாயும் எதற்கு என்று யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால், அன்றைய இரவு எனக்கு வேறு மாதிரி போயிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. அந்த வார்டில் வாரக்கணக்கில் உட்கார்ந்து, நர்ஸ்களிடமும் டாக்டர்களிடமும் கேட்டு, பிறகு படித்தும் தெரிந்துகொண்டவள். உங்கள் குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கே இருக்கிற டாக்டர்தான் சொல்வார். அவர் சொல்வது உங்களுக்கு விளங்க இது உதவினால் போதும்.

முதலில் வாரக் கணக்கு. கடைசியாகத் தலைக்குக் குளித்த மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணினால் முழுக் கர்ப்பம் 40 வாரம். 37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைமாதம். 32 வாரத்துக்கு முன் என்றால் மிகவும் முன்கூட்டியே, 28-க்கும் முன் என்றால் மிக மிக முன்கூட்டியே. இது எங்கோ ஒரு வீட்டில் நடக்கிற விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தை.

"ஏழு மாசத்தில் பிறந்தது தேறிடும், எட்டு மாசம்தான் ஆகாது" என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. என் அத்தையும் அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றினார். அன்போடு சொன்னது, ஆனால் உண்மை அப்படி இல்லை. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். எட்டாம் மாதத்துப் பிள்ளையின் நுரையீரல் ஏழாம் மாதத்துப் பிள்ளையுடையதைவிட முதிர்ந்தது. அதனால் டாக்டரிடம் மாதத்தைக் கேட்காதீர்கள், வாரத்தைக் கேளுங்கள். எடையைவிட வாரம்தான் அதிகம் சொல்லும்.

சரி, இப்போது பெட்டிக்கு வருவோம். அந்தப் பெட்டி முதலில் எதற்கு என்றால், சூட்டுக்கு.

கடைசி இரண்டு மூன்று மாதங்களில்தான் குழந்தையின் தோலுக்கடியில் கொழுப்பு சேர்கிறது. அதற்கு முன்பே வந்துவிட்ட குழந்தைக்குப் போர்வை இல்லாத உடம்பு. தோல் காகிதம் போல மெல்லியது, அதன் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். குளிர்ந்தால் நாம் நடுங்குவோம், குழந்தைக்கு அதுவும் தெரியாது. உள்ளே இருக்கிற கொஞ்ச நஞ்ச சர்க்கரையையும் ஆக்சிஜனையும் எரித்துச் சூடு பண்ணிக்கொள்ளப் பார்க்கும். மூச்சு விடவே தெம்பு போதாத நேரத்தில் அந்தச் செலவு தாங்காது. அதனால்தான் மிகச் சிறிய குழந்தைகளைப் பிறந்த உடனே, துடைக்கக்கூட நிற்காமல், கழுத்து வரை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பைக்குள் வைக்கிறார்கள். கேட்கும்போது பதறும், ஆனால் சூடு வெளியே போகாமல் காக்க அது நல்ல வழி. அப்புறம் மேலிருந்து சூடு வரும் வார்மர், அல்லது நாலு பக்கமும் மூடிய இன்குபேட்டர். வயிற்றில் ஒட்டியிருக்கும் சின்ன வட்டம் வெப்பத்தைப் பார்த்துச் சொல்ல, பெட்டி தானாகவே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. உடம்பு 36.5-லிருந்து 37.5 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. நீங்கள் கையை உள்ளே விடும் அந்த வட்டக் கதவை வேலை முடிந்ததும் உடனே மூடச் சொல்வதும் இதற்காகத்தான்.

அடுத்தது மூச்சு. முதல் மூன்று நாளில் டாக்டர்கள் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

நுரையீரலுக்குள் கோடிக்கணக்கில் காற்றுப் பைகள் இருக்கின்றன, மிகமிகச் சின்னவை. உள்பக்கம் ஈரமானவை. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒட்டி வைத்துப் பிரித்துப் பாருங்கள், விடாது. அந்தப் பைகளும் அப்படித்தான், மூச்சை வெளியே விட்டதும் சுருங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அப்படி ஒட்டாமல் இருக்க நம் நுரையீரலே வழுவழுப்பான ஒரு பொருளைச் சுரக்கிறது. அதன் பெயர் சர்ஃபாக்டன்ட். சோப்பு கலந்தால் தண்ணீரில் குமிழி நிற்கிறதே, கிட்டத்தட்ட அதே வேலை. இது போதுமான அளவு சுரக்க 34, 35 வாரம் ஆகும். அதற்கு முன் பிறந்த குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் முதல் மூச்சு போலவே பாடுபட வேண்டும். வாய் ஒட்டிக்கொண்ட பலூனை நிமிடத்துக்கு அறுபது முறை புதிதாக ஊதுவதை நினைத்துப் பாருங்கள். விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே இழுப்பதும், முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வருவதும் அதனால்தான்.

இந்தக் குழந்தைகள் ஏன் இறக்கிறார்கள் என்பதே வெகு காலம் விளங்காமல் இருந்தது. 1959-ல் மேரி எல்லன் ஏவரி என்ற அமெரிக்க மருத்துவர்தான் அவர்கள் நுரையீரலில் இந்தப் பொருள் போதவில்லை என்று காட்டினார். காரணம் தெரிந்தும் மருந்து வரவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான், எடை 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 39 மணி நேரத்தில் இறந்துபோனான், இதே நோயால்தான். அந்த நாட்டின் அதிபர் கேட்டும் செய்ய முடியாத ஒன்றை இன்று நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் செய்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

எப்படி முடிந்தது? மூன்று வழிகள் வந்தன. நியூசிலாந்தில் கிரஹாம் லிக்கின்ஸ் என்பவர் ஆடுகளில் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டு, காலத்துக்கு முன் பிறந்த ஒரு குட்டி, இறந்திருக்க வேண்டியது, மூச்சுவிட்டது. அவரும் ராஸ் ஹவியும் அதைத் தாய்மார்களிடம் சோதித்து 1972-ல் வெளியிட்டார்கள். பிரசவம் முன்கூட்டியே ஆகிவிடும் என்று தெரிந்தால் தாய்க்குப் போடும் ஊசி அதுதான். நம் ஊரில் பெரும்பாலும் டெக்சாமெத்தசோன், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. ஊசி தாய்க்கு, பலன் குழந்தையின் நுரையீரலுக்கு. எனக்கு இரண்டு ஊசி போடத்தான் நேரம் இருந்தது. "இரண்டு ஊசியாவது போட்டோமே" என்று டாக்டர் சொன்னதன் அருமை பிறகுதான் புரிந்தது.

இரண்டாவது, 1971-ல் ஜார்ஜ் கிரெகரி கொண்டுவந்த சிபாப். மூக்கில் இரண்டு சின்னக் குழாய் வழியாக விடாமல் கொஞ்சம் அழுத்தத்தோடு காற்று போய்க்கொண்டே இருக்கும், காற்றுப் பைகள் முழுசாகச் சுருங்காது. குழந்தை தானாகவே மூச்சு விடுகிறது, இது கூடத் தாங்கிப் பிடிக்கிறது. பெட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் உள்ள ஒரு பாட்டிலில் குளுகுளுவென்று குமிழி வந்துகொண்டிருந்தால் பயப்படாதீர்கள். காற்றின் அழுத்தத்தை அந்தத் தண்ணீரின் ஆழம்தான் தீர்மானிக்கிறது. குமிழி வருவது நல்ல செய்தி. மூன்றாவது, சர்ஃபாக்டன்டையே மருந்தாகக் கொடுப்பது. 1980-ல் ஜப்பானில் டெட்சுரோ ஃபுஜிவாரா மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்ததைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், மூச்சுக்குழாய்க்குள் நேராக விடுவார்கள். இதெல்லாம் போதாத குழந்தைக்குத்தான் வென்டிலேட்டர். வென்டிலேட்டர் என்றதும் முடிந்துவிட்டது என்று வீட்டில் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு அதை எந்த நிலையில் வைப்பார்களோ, அந்த நினைப்பு. குழந்தையின் நுரையீரலுக்கு அது சில நாள் ஓய்வாகவும் இருக்கலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் குழந்தை சில நேரம் மூச்சுவிட மறந்துவிடும். மறதி என்றேதான் சொல்ல வேண்டும். மூளையில் மூச்சை நடத்தும் இடம் இன்னும் முற்றவில்லை. 20 விநாடி மூச்சு நின்றால், அல்லது அதற்குள்ளேயே இதயத் துடிப்பு குறைந்தால், மானிட்டர் கத்தும். நர்ஸ் வந்து பாதத்தில் மெல்லத் தட்டுவார், "என்னடா தங்கம்" என்பார், மூச்சு திரும்பும். இதற்குக் கொடுக்கும் மருந்து கஃபீன், காபியில் இருக்கிற அதே பொருள்தான். இரண்டாம் நாள் முதன்முதலாக என் மகளைச் சக்கர நாற்காலியில் போய்ப் பார்த்தபோது அந்த மானிட்டர் கத்தியது, எனக்கு உயிரே போய்விட்டது. நர்ஸ் அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. குழந்தையைத்தான் பார்த்தார். நிறம் நன்றாக இருந்தது, மார்பு ஏறி இறங்கியது. காலில் கட்டியிருந்த அந்தச் சிவப்புப் பட்டி நழுவியிருந்தது, அவ்வளவுதான். "முதலில் பாப்பாவைப் பாரும்மா, அப்புறம் நம்பரைப் பாரு" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் பார்த்தேன்.

அந்தத் திரையில் ஒரு எண்ணைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். சாச்சுரேஷன், அதாவது அந்தச் சிவப்புப் பட்டி அளந்து காட்டும் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, நமக்கெல்லாம் 98, 99 என்றால் நல்லது. ஆக்சிஜன் கொடுக்கப்படும் குறைமாதக் குழந்தைக்கு 90-லிருந்து 95-க்குள் வைத்திருப்பார்கள். கூட்டி வைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். 1940-களிலும் 50-களிலும் ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்ததில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் உயிர் பிழைத்துப் பார்வை இழந்தார்கள். கண்ணின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் நேரம் இது, அதிக ஆக்சிஜன் அவற்றைக் கெடுத்துவிடும்.

மூச்சு நிலைக்கு வந்த பிறகு பசி. பால் சப்ப, விழுங்க, மூச்சுவிட, இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்யும் சாமர்த்தியம் ஏறக்குறைய 34 வாரத்தில்தான் வரும். அதற்கு முன் வாயில் பால் விட்டால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து. அதனால் முதல் நாட்களில் தொப்புள் ரத்தக் குழாய் வழியாகவோ கை நரம்பு வழியாகவோ குளுக்கோசும் சத்துகளும் போகும். தொப்புளில் குழாய் பார்த்துத்தான் நான் அதிகம் பயந்தேன். வெட்டிய தொப்புள் கொடியில் நரம்பு இல்லை, வலிக்காது. ஊசி குத்திக் குத்தித் தேடாமல் இருக்க அது ஒரு திறந்த வழி.

கூடவே வாய் வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய். அதில் முதல் நாளே ஒரு மில்லி, இரண்டு மில்லி தாய்ப்பால் விடப் பார்ப்பார்கள். இவ்வளவுதானா என்று தோன்றும். அது பசியாற அல்ல, குடலைப் பழக்க. குறைமாதக் குழந்தையின் குடல் அழற்சி வந்து கெட்டுப்போகிற கொடிய நோய் ஒன்று உண்டு, அதிலிருந்து காக்கிற பெரிய கவசம் தாய்ப்பால்தான். அதிலும் சீம்பால். பிரசவம் ஆன சில மணி நேரத்திலேயே கையால் பீய்ச்ச ஆரம்பிக்க வேண்டும், ஒரு நாளைக்கு எட்டு முறையாவது. குழந்தை சப்பாமலே பால் ஊற வேண்டுமே, அதற்குத்தான் இந்தக் கணக்கு. நான் முதலில் பீய்ச்சியபோது ஒன்றுமே வரவில்லை. மூன்றாவது முறை மஞ்சளாக, தேன் மாதிரி நாலு சொட்டு. கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததை நர்ஸ் ஒரு சின்ன சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்தார், 0.4 மில்லி. "இது போதும், இது மருந்து" என்று சொல்லிவிட்டு அதில் பஞ்சை நனைத்து அவள் கன்னத்தின் உள்பக்கம் தடவினார். அவள் நாக்கு அசைந்தது. அதுவரை எல்லாமே மற்றவர்கள் அவளுக்குச் செய்தது. நான் செய்த முதல் காரியம் அதுதான்.

எல்லாத் தாய்க்கும் உடனே பால் வந்துவிடாது. அது அவர்கள் குற்றமும் இல்லை. அப்போது கைகொடுப்பது தாய்ப்பால் வங்கி. மற்றத் தாய்மார்கள் தானமாகத் தரும் பாலைச் சோதித்து, சூடாக்கிக் கிருமி நீக்கி உறைய வைத்துக் கொடுப்பார்கள். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயன் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது, கேளுங்கள். குழாயிலிருந்து நேரே மார்புக்கு மாறுகிற இடைக்காலத்தில் நம் பழைய பாலாடை வரும். பாட்டி சங்கு என்பாரே, அதேதான். இந்திய டாக்டர்கள் தங்கள் ஆங்கிலப் பாடப் புத்தகத்திலும் அதைப் பாலாடை என்றே எழுதுகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஃபீடிங் பாட்டில் மட்டும் வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் ஆசையாகக் கொண்டுவரும் சேனை, சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் இந்தக் குழந்தைக்கு ஆகாது. ஒரு சொட்டுகூட. நான் என் அம்மாவிடமே இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் வாக்கில் மஞ்சள் காமாலை வரும், ஏறக்குறைய எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும். கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் படுக்க வைப்பார்கள். 1950-களில் இங்கிலாந்தின் எசெக்ஸில் வார்ட் என்ற நர்ஸ் குழந்தைகளை வெயிலில் காட்டிக்கொண்டுவர, வெயில் பட்ட இடம் மட்டும் மஞ்சள் வெளுத்திருந்தது. அங்கிருந்து வந்தது இந்த வைத்தியம். அதற்காகச் சன்னல் வெயிலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அளவு தெரியாத வெயிலும் குளிரும் குறைமாதத் தோலுக்கு ஆபத்து.

எடை முதல் வாரத்தில் குறையும், பத்தில் ஒரு பங்குவரைகூட. அது எதிர்பார்த்ததுதான், இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். தலை உச்சிக்குழியில் வைத்து ஒரு ஸ்கேன் எடுப்பார்கள், முதல் மூன்று நாளில் மூளையில் ரத்தக் கசிவு வர வாய்ப்பு உண்டு என்பதால். வலி இல்லை. ரத்தப் பரிசோதனை மட்டும் ஏன் இவ்வளவு யோசித்து எடுக்கிறார்கள் என்று நான் கேட்டேன். என் மகள் எடையில் ஒரு குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 100 மில்லி, ஒரு காபி டம்ளர் அளவு. அங்கே ஒவ்வொரு மில்லிக்கும் கணக்கு எழுதி வைக்கிறார்கள்.

கை கழுவுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வளையல், மோதிரம், கயிறு எல்லாம் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டு, ஒவ்வொரு முறையும். பொறுக்க முடியாத அலுப்பு வரும், தெரியும். ஆனால் தாயிடமிருந்து எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான். அது இவர்களுக்குப் பாதியில் நின்றுபோனது. நம் கையிலிருக்கும் சாதாரணக் கிருமி இவர்கள் ரத்தத்தில் போனால் ஒரே நாளில் நிலைமை மாறிவிடும். சளி இருக்கிற சொந்தக்காரர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் வெளியிலேயே நிற்கட்டும்.

தொடுவதற்கும் ஒரு முறை உண்டு. தடவிக் கொடுக்காதீர்கள், அந்தத் தோலுக்கு அது தாங்காது, கை கால் விதிர்க்கும். ஒரு கையைத் தலையிலும் ஒரு கையைப் பாதத்திலும் அசையாமல் வையுங்கள். வயிற்றுக்குள் சுருண்டிருந்த மாதிரி அவர்களுக்கு ஒரு எல்லை கிடைக்கும். சில நிமிடத்தில் மூச்சு சீராவதைத் திரையிலேயே பார்க்கலாம்.

அதற்கடுத்தது கங்காரு முறை. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட வேண்டியிருந்த ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் தொடங்கியது. குல்லாயும் டயப்பரும் மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திச் சாய்த்துத் துணியால் கட்டிவிடுவது. வசதி இல்லாத இடத்தின் மாற்று வழி என்றுதான் வெகு நாள் நினைத்தார்கள். 2021-ல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு, நிலைமை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்த உடனே இதைத் தொடங்கினால் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று காட்டியது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. அதனால் "எப்போது கங்காரு கொடுக்கலாம்?" என்று முதல் நாளே கேளுங்கள். சிபாப் இருந்தாலும் பல இடங்களில் கொடுக்கிறார்கள். தாய்க்கு முடியாவிட்டால் அப்பா கொடுக்கலாம், பாட்டி கொடுக்கலாம். என் மகளை முதலில் மார்பில் வாங்கியது என் கணவர்தான், ஐந்தாம் நாள். ஒரு மணி நேரம் இருமக்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு தேதி மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் கீழ் பிறந்த குழந்தைக்கு, பிறந்து நான்கு வாரத்துக்குள் கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்ததோ 1,200 கிராமுக்குக் கீழோ என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும், உள்ளே நடப்பது தெரியாது. நேரத்தில் பார்த்தால் லேசரால் காப்பாற்றிவிடலாம், தவறவிட்டால் பார்வை திரும்பாது. எடை ஏறி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில்தான் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.